ஒன்றும் தெரியாத கைகள்

என்னை யாரும் எதற்கும் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது கிடையாது. பள்ளியில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சி நிற்பவன் நான்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது என்னைக் காட்டி, "இவர்தான் நமக்கு வேணும்" என்று ஒருவர் சொன்னார். அதுவும் எனக்கு ஒன்றும் தெரியாது என்ற ஒரே தகுதிக்காக. இன்றைக்கு அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நடந்தது கனடாவில், மொன்றியலில், அறுபதுகளின் கடைசியில். சென்னையில் பொறியியல் படித்துவிட்டு மேல்படிப்புக்காக வந்தவன், படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு விமான ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஊரில் எல்லோரும் நான் தினமும் விமானத்தைத் தொட்டுத் தடவிக்கொண்டிருப்பதாக நினைத்தார்கள். நான் தொட்டதெல்லாம் காகிதம்.

எங்கள் குழு பார்த்த விஷயத்தைச் சுலபமாகவே சொல்லிவிடலாம். பறக்கிற விமானத்தைக் காற்று ஒரு தட்டு தட்டினால் அது ஆடும். அந்த ஆட்டம் தானாக அடங்குமா, இல்லை வளர்ந்துகொண்டே போகுமா? விமானி திருப்பினால் திருப்பிய அளவுக்குத் திரும்புமா, அல்லது அடம் பிடிக்குமா? இதைப் பற்றி நிறையப் பேர் நிறைய சமன்பாடுகள் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அந்தச் சமன்பாடுகளில் விமானம் மட்டும்தான் இருந்தது, அதை ஓட்டுகிற மனிதன் இல்லை. மனிதனையும் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அப்போது புதிய யோசனை. கூடத்தில் பாதிப் பேர் அதைக் கிறுக்குத்தனம் என்றார்கள்.

சோதனை நடக்கும்போது பேனாக்கள் பொருத்திய ஒரு கருவி நீளமான காகிதச் சுருளில் கோடு போட்டுக்கொண்டே போகும். மேல் கோடு விமானம் செய்வது. கீழ்க் கோடு விமானியின் கையும் காலும் செய்வது. அந்தச் சுருள்கள் என் மேஜைக்கு வரும். அளவுகோலை வைத்து ஒவ்வொரு நெளிவையும் அளந்து எழுதுவது என் வேலை. ஜன்னல் இல்லாத அறை. நான் மட்டும்தான்.

அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் கிடையாது. காலையில் தலையசைப்பார்கள், மாலையில் தலையசைப்பார்கள். நடுவில் என் வாய்க்குக் கிடைத்த வேலை தயிர்சாதம் ஒன்றுதான். சில நாள் சாயங்காலம் ரயிலில் டிக்கெட் பார்ப்பவரிடம் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லும்போது குரல் கரகரக்கும். அன்று முழுக்க அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

ரொக்ஸ்பரோ என்ற புறநகரில் ஒரு வீட்டின் நிலத்தடி அறையில் குடியிருந்தேன். தலைக்கு மேலே வீட்டுக்காரர்கள் நடப்பார்கள், சிரிப்பார்கள், நாற்காலியை இழுப்பார்கள். எனக்கு எல்லாம் கேட்கும். தனிமை என்று எழுதினால் என்னவோ அழகான சமாச்சாரம் மாதிரி இருக்கிறது. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. மேலே யாராவது சிரித்தால் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிக்கலாமா என்று தோன்றும். அவர்கள் என்ன செய்வார்கள், பாவம். அவர்கள் வீட்டில் அவர்கள் சிரித்தார்கள்.

அந்த வருஷம் எங்களிடம் ஒரு சிறிய விமானத்தின் வடிவமைப்பு வந்தது. வடக்கே பனிப்பிரதேசத்தில், குட்டை ஓடுபாதை உள்ள ஊர்களுக்கு ஆட்களையும் மருந்தையும் கொண்டுபோக வேண்டிய விமானம். அதை இன்னும் கட்டவில்லை. ஒரு சிறு மாதிரியைச் செய்து, காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி, அதன்மேல் காற்றை ஊதி அளந்த எண்கள்தான் இருந்தன. அந்த எண்களை ஒரு பெரிய கணிப்பொறியில் ஏற்றினார்கள். பீரோ மாதிரி உயரம், முகமெல்லாம் வண்ண வண்ண வயர்கள். அதற்கு முன்னால் ஒரு நாற்காலி. கைக்கு விமானத்தின் பிடி, காலுக்கு இரண்டு மிதிகள், கண்ணுக்கு ஒரு பச்சைத் திரை. திரையில் குறுக்கே ஒரு கோடு, அது தொடுவானம். நடுவில் ஒரு புள்ளி, அது ஓடுபாதை. கோடு சாய்ந்தால் விமானம் சாய்கிறது. புள்ளி விலகினால் பாதை தவறுகிறது. ஓரத்துக்குப் போய்விட்டால் ஒரு மணி அலறும். விமானம் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் கூடத்துக்கு என்று ஒரு சோதனை விமானி இருந்தார். கியூபெக்காரர், பிரெஞ்சு பேசுகிறவர், முன்பு விமானப்படையில் இருந்தவர், கதவில் இடிக்காமல் நுழையத் தலையைக் குனிய வேண்டிய உயரம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டிவிட்டு மதிப்பெண் சொல்ல வேண்டும். ஒன்றிலிருந்து பத்துவரை. ஒன்று என்றால் தங்கமான விமானம், பத்து என்றால் ஆளைக் கொன்றுவிடும். அவர் ஓட்டினார், இறக்கினார், எழுந்து, "ரெண்டு. நல்ல பெண்ணு" என்றார்.

குழுத் தலைவர் இங்கிலாந்துக்காரர். காற்றுச் சுரங்கத்துப் பக்கத்திலேயே வாழ்ந்ததில் ஒரு காது மந்தம். அவர் காகிதச் சுருளை விரித்துக் கீழ்க் கோட்டைக் காட்டினார். மேல் கோடு அமைதியாகப் போயிருந்தது. கீழ்க் கோடு ஒரு நொடி ஓயாமல் துடித்திருந்தது.

"கால் இவ்வளவு வேலை செஞ்சிருக்கே, தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

விமானி குனிந்து பார்த்தார். "நானா? நான் ஒண்ணுமே செய்யலியே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய காலுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த விமானத்துக்கு ஒரு நோய் இருந்தது. காற்றில் தட்டுப்பட்டால் மூக்கு இடமும் வலமும் அலையும், கூடவே இறக்கைகள் மாறி மாறித் தாழும். வாத்து நடப்பது மாதிரி. வால் போதுமான அளவு பெரிதாக இல்லையென்றால் வருகிற கோளாறு. நம் விமானி ஒவ்வொரு ஆட்டத்தையும் ஆரம்பிக்கும்போதே காலால் அமுக்கிவிட்டு, ஆட்டமே இல்லை என்று மதிப்பெண் கொடுத்துவிட்டார். கெட்டிக்காரன் கையில் கொடுத்தால் மோசமான விமானமும் நல்ல பெயர் வாங்கிவிடுகிறது. ஆனால் வடக்கே பனிக்காற்றில், களைத்துப்போய் இறங்கப்போகிறவன் சாதாரண விமானி.

தலைவர் எல்லோரையும் கூப்பிட்டார். கை பழகாத ஆள் வேண்டும் என்றார். அந்த ஊரில் பதினாறு வயதில் கார் ஓட்டாதவன் யார்? ஒவ்வொருவராக உதடு பிதுக்கினார்கள். பின்வரிசையில் நின்ற என்னிடம் வந்தார்.

"கார் ஓட்டுவீங்களா?"

"இல்லை."

"ஸ்கூட்டர்?"

"இல்லை."

"சைக்கிளாவது?"

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவன் சைக்கிளிலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து என் அப்பா என்னைச் சைக்கிள் பக்கமே விடவில்லை. இதை ஆங்கிலத்தில் விளக்கி மானத்தை வாங்கிக்கொள்வானேன் என்று, "அதுவும் இல்லை" என்றேன். அறை சிரித்தது. நான் அசடு வழிந்தேன். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. புதையலைப் பார்த்தவர்போல என்னைப் பார்த்தார். அப்போதுதான் "இவர்தான் நமக்கு வேணும்" என்றார்.

அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் மத்தியானத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வயர்களைச் சொருகிக் கணிப்பொறியை இயக்குகிற பொறுப்பு ஒரு கியூபெக் பெண்மணியிடம் இருந்தது. நாற்பது வயதிருக்கும். வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. திடீர்க் காற்றை உண்டாக்குகிற பொத்தான் அவள் கையில் இருந்தது. நான் பிடியைத் தொட்டதும் அதை ஓர் அழுத்து அழுத்துவாள். திரையில் கோடு சாயும். நான் பதறி எதிர்ப்பக்கம் தள்ளுவேன். அது இன்னும் அதிகமாக இந்தப் பக்கம் வரும். நான் மறுபடி தள்ளுவேன். என்னுடைய ஒவ்வொரு திருத்தமும் ஆட்டத்தை வளர்த்தது. கொஞ்ச நேரத்தில் மணி அலறும்.

"செத்துட்டீங்க" என்பாள் நிதானமாக. "எழுந்து காப்பி குடிங்க. அப்புறம் மறுபடி சாகலாம்."

விமானி பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். என் தோளில் தட்டி, "என் மாமியார்கூட இதைவிட நல்லா ஓட்டுவா" என்பார். தலைவர் சுருளை விரித்துக்கொண்டு, "பிரமாதம், பிரமாதம்" என்பார். இவ்வளவு மோசமான கோடு அவருக்கு வேறு யாரிடமிருந்தும் கிடைத்ததில்லை. மதிப்பெண் கேட்பார்கள். நான் ஒன்பது என்பேன். "பத்து ஏன் இல்லை?" என்றால், "இன்னும் உயிரோட இருக்கேனே" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சொன்னதற்கு நாலு பேர் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று எனக்கே ஞாபகமில்லை.

எனக்கு அந்த மத்தியானங்கள்மேல் பைத்தியமே பிடித்தது. வாரத்தில் மற்ற நாளெல்லாம் அந்த இரண்டு நாளுக்காகக் காத்திருந்தேன். அந்தக் காப்பி வாயில் வைக்க வழியில்லாத கஷாயம், அதைக்கூட ரசித்துக் குடித்தேன். நான் உள்ளே நுழைந்ததும் அவள், "போன்ஜூர், இன்னிக்கு எத்தனை தடவை சாகப்போறீங்க?" என்று கேட்பாள். என்னைப் பார்த்ததும் ஒரு முகம் மலர்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அது தினமும் கிடைக்கிறவர்களுக்குத் தெரியாது.

தலைவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். நான் பழகிவிடக் கூடாது. நாற்காலியில் தனியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கக் கூடாது. விமானியிடம் வழி கேட்கக் கூடாது. கார் ஓட்டவோ சைக்கிள் விடவோ கற்றுக்கொள்ளக் கூடாது. "கத்துக்கிட்டா அப்புறம் நீங்க எங்களுக்குப் பிரயோஜனம் இல்லை" என்றார் சிரித்துக்கொண்டே. நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

ரொக்ஸ்பரோவில் கார் இல்லாதவன் கதி என்ன என்பது அங்கே ஒரு பனிக்காலம் இருந்தவர்களுக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு நடக்கலாம், கடைக்கு நடக்கலாம். அதற்கு அப்பால் உலகம் முடிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே தமிழ்க் குடும்பம், காரில்தான் போக முடிகிற கர்க்லாண்டில் இருந்தது. கணவர் டாக்டர், திருச்சிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மாதம் ஒரு ஞாயிறு அவரே காரில் வந்து என்னை அள்ளிக்கொண்டு போவார். அவர் மனைவி சாம்பார் வைத்துப் போடுவார். அவரை அக்கா என்று கூப்பிடுவேன். சாப்பிட்டு முடித்ததும் டாக்டர் ஆரம்பித்துவிடுவார்.

"ஏன் சார், இப்படியே எத்தனை நாள் இருப்பீங்க? சாயங்காலம் நானே பக்கத்து மைதானத்துல சொல்லித் தரேன். ஒரு மாசத்துல லைசென்ஸ் வாங்கிடலாம்."

"வேண்டாம் டாக்டர். ஆபீஸ்ல கத்துக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"என்னது? ஏரோப்ளேன் ஆபீஸ்ல கார் ஓட்டக் கூடாதுன்னு சொல்றாங்களா?"

"ஆமாம். எனக்கு ஒண்ணும் தெரியக் கூடாது. அதுக்குத்தான் என்னை வெச்சிருக்காங்க."

அக்கா கரண்டியோடு நின்றுவிட்டார். "நிஜமாவே அங்க வேலைதான் பார்க்கறீங்களா? ஊர்ல பொண்ணு வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

நான் விளக்கினேன். விளக்க விளக்க டாக்டரின் முகம் நோயாளியைப் பார்க்கிற முகமாக மாறிக்கொண்டு வந்தது. அந்தப் பனிக்காலத்தில் அவர்களுக்குக் குழந்தை பிறந்தது, பாதைகளும் மோசமாக இருந்தன. ஞாயிறுகள் தவறின. அவர் போனில், "வண்டி இருந்தா நீங்களே வந்திருக்கலாம், இல்லையா?" என்றார். நியாயம்தான். எனக்கு ஒரு பக்கம் கர்க்லாண்டு, ஒரு பக்கம் நாற்காலி. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அங்கே வாரத்தில் இரண்டு நாள் ஆட்கள் இருந்தார்கள்.

ஆனால் கை கால்களுக்கு நம் விருப்பு வெறுப்பெல்லாம் தெரியாதே. பனி உருக ஆரம்பித்த சமயம், ஒரு வியாழக்கிழமை கணிப்பொறிக்காரப் பெண்மணி பொத்தானை அழுத்தினாள். கோடு சாயவில்லை. மறுபடி அழுத்தினாள். கொஞ்சம் அசைந்து நின்றது. நான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைத்தேன். "இன்னிக்கு சாக மாட்டீங்களா?" என்றாள். குரலில் ஏமாற்றம் இருந்தது.

மறுநாள் காலை என் சுருளே என் மேஜைக்கு வந்தது. மேல் கோடு ஏறக்குறைய நேர். கீழ்க் கோடு துடித்துக்கொண்டே இருந்தது. பழைய சுருள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். தனித்தனியாக அளந்தபோது கவனிக்கவில்லை, ஒவ்வொரு வாரமும் மேல் கோடு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி வந்திருந்தது. எனக்குத் தெரியாமல் என் கால் கற்றுக்கொண்டுவிட்டது. வேண்டுமென்றே கோணலாக ஓட்டினால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படிச் செய்தால் அந்தப் பொய் எண்களை நம்பி விமானம் கட்டுவார்கள், அதில் ஆட்கள் ஏறுவார்கள். சுருள்களை அள்ளிக்கொண்டு போய்த் தலைவர் மேஜையில் பரப்பினேன்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அடுத்த வாரம் விமானம் கட்டறவங்க வராங்க. இதை அவங்களும் பார்க்கணும்" என்றார். நாற்காலியில் இனி எனக்கு இடம் உண்டா என்று கேட்கப் பயந்து திரும்பி வந்தேன்.

வந்தவர் விமானம் கட்டும் நிறுவனத்தின் பெரிய அதிகாரி. விலையுயர்ந்த கோட்டு, நல்ல மனிதர். சுருள்களைப் பார்த்ததும் அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. "சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர் ஒரு பனிக்காலத்துல கத்துக்கிட்டாரே! அப்போ விமானத்துல கோளாறு இல்லை. பயிற்சி கொடுத்தா போதும். வாலை மாத்த வேண்டியதில்லை" என்றார். எவ்வளவு பயிற்சி தேவை என்று பார்க்க, இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இதே சோதனையை நடத்தலாம் என்றும் சொன்னார். நாற்காலியில் என்னையே உட்காரவைக்கலாம். நான் எப்படி முன்னேறுகிறேன் என்பதையே அளக்கலாம்.

இன்னும் ஒன்றிரண்டு வருஷம். செவ்வாயும் வியாழனும். காப்பியும் கேலியும். பேசாமல் இருந்தாலே போதும், எல்லாம் எனக்குக் கிடைத்துவிடும்.

தலைவர் நல்ல காதை என் பக்கம் திருப்பினார். "ஓட்டினது நீங்கதான். இப்போ மதிப்பெண் என்ன?"

கையைக் கேட்டால் இரண்டு என்று சொல்லியிருக்கும். சுகமாகத்தான் இருந்தது, ஒன்றும் செய்யாத மாதிரிதான் இருந்தது. விமானி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார், தன் ஜாதியில் புதிதாகச் சேர்ந்தவனைப் பார்க்கிற புன்னகை.

"ஒன்பது" என்றேன். "விமானம் மாறலை. நான்தான் மாறிட்டேன்."

அதிகாரி புருவத்தை உயர்த்தினார். "ஆனா கோடு நேரா இருக்கே?"

வாயைக் கொடுத்தாகிவிட்டது, இனி பின்வாங்க முடியாது. "நான் ஓட்டும்போது ஏதாவது கேள்வி கேளுங்க. நிஜ விமானத்துல யாராவது ரேடியோவுல பேசுவாங்க இல்லையா, அந்த மாதிரி" என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் பொத்தானை அழுத்தினாள், கோடு அசைந்து நின்றது. மறுபடி அழுத்தினாள், நின்றது. அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார். கேள்வி கேட்கும் பொறுப்பை அவளிடமே விட்டார்கள். அவள் பரீட்சைக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவளுக்குத் தோன்றியதைக் கேட்டாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி" என்றேன். கோடு லேசாகச் சாய்ந்தது, பிடித்துவிட்டேன்.

"சாயங்காலம் வீட்டுக்குப் போனா யார் இருப்பாங்க?"

அந்தக் கேள்வியை அந்த ஊரில் அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. எந்த வீடு என்று யோசித்தேன். ரொக்ஸ்பரோ அறையின் கதவு கண்ணில் வந்தது. அதைத் திறந்து உள்ளே பார்த்தேன். விளக்கு போடவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், மணி அலறிவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அவள்கூட "செத்துட்டீங்க" என்று சொல்லவில்லை. அதிகாரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விமானி மெல்ல வந்து, "நான் உட்காரட்டுமா?" என்று கேட்டு, நான் எழுந்து இடம் கொடுத்ததும் உட்கார்ந்தார். அவரிடம் அவருடைய பெண்டாட்டியைப் பற்றியும் வீட்டுக் கடனைப் பற்றியும் ஏழாம் வாய்ப்பாட்டைப் பற்றியும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அவர் என்னைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். கடைசியில் அவருக்கும் மணி அடித்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நான் போட்ட ரெண்டை அடிச்சிடுங்க" என்றார்.

வாலை மாற்றுவது என்று முடிவானது. அதைச் சொல்லிவிட்டு அதிகாரி என் கையைக் குலுக்கினார். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். ரயிலில் வரும்போதுதான் நான் செய்தது என்ன என்று புரிந்தது. வால் சரியாகிவிட்டால் சோதனைக்கு வேலை இல்லை. சோதனை இல்லையென்றால் செவ்வாய் இல்லை, வியாழனும் இல்லை. யாரும் என்னை வெளியே தள்ளவில்லை. நானே என் வாயால் பேசி முடித்துக்கொண்டு வந்திருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்னொரு தடவை மதிப்பெண் கேட்டாலும் இரண்டு என்று சொல்ல வராது. அதனால் என் வயிற்றெரிச்சல் குறையவில்லை.

மாதிரி விமானத்துக்குப் பெரிய வால் பொருத்திக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தினார்கள். எண்கள் வர இலையுதிர்காலம் ஆகிவிட்டது. அவள் வயர்களை மாற்றிச் சொருகினாள். முதலில் விமானி ஓட்டினார். எழுந்து வந்து, "எனக்கு அதுல வேலையே இல்லை" என்று குறைபட்டுக்கொண்டார். அடுத்தது நான்.

அன்று அவள் நிறையக் கேள்வி கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என் அப்பா எழுப்புகிற நேரம், அம்மா வைக்கிற குழம்பு, நிலத்தடி அறையில் எனக்குக் கேட்கிற காலடிச் சத்தம், விளக்குமாற்றுக் கட்டை, எல்லாம். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஊருக்கு வந்த பிறகு அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. கோடு அசையவே இல்லை. நல்ல விமானத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று நிரூபணமாகிவிட்டது. அதோடு சோதனையும் முடிந்துவிட்டது.

"கடைசியா ஒண்ணு" என்றார் தலைவர். "கையையும் காலையும் எடுத்துடுங்க."

எடுத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் பொத்தானை முழு பலத்தோடு அழுத்தினாள். கோடு ஒரு பக்கம் சாய்ந்தது. பழக்கத்தில் என் கால் துள்ளியது, அடக்கிக்கொண்டேன். கோடு மறுபக்கம் கொஞ்சம் போனது, திரும்பியது, நடுவில் வந்து நின்றது. பின்னால் கைதட்டினார்கள். தலைவர் "பிரமாதம்" என்றார். மூன்று பேரும் காகிதச் சுருளைப் பார்க்க அந்தப் பக்கம் போய்க் குனிந்துகொண்டார்கள். அவர்கள் முதுகு எனக்குத் தெரிந்தது. என்னை எழுந்துகொள்ளச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகையாக வந்தது. விமானம் அழகாகப் பறந்துகொண்டிருந்தது. நாற்காலியில் ஆள் இருக்கிறானா இல்லையா என்பது அதற்குத் தெரியவே தெரியாது.